ஈஸ்டர் தீவு மண்ணும் இதயக் குழாயும்

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் வழக்கத்தை நம் முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். புளிப்புப் பட்டால் பித்தளையில் களிம்பேறும். இடையில் ஓர் ஈயப் படலம் இருப்பின் உணவு கெடாது. உலோகத்தின் மேலிட்ட பூச்சே மருந்தாகி, ரப்பர் மரத்தில் பால் சொட்டுவதுபோல் சிறிது சிறிதாகக் கசிந்து உயிர் காக்கும் என்பதோ அண்மைக்கால வரலாறு.

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், நெஞ்சைப் பிளக்காமலே, சிறு பலூனைக் குருதிக்குழாய் வழியே செலுத்தி இதய அடைப்பை விரித்தார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இந்தியாவில் அம்முறையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில், விரித்த குழாய் மீண்டும் சுருங்காதிருக்க, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாய் முதன்முறையாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. விலை குறைந்த ஸ்டென்ட் ஒன்றை உருவாக்குவதில் 1990களில் மருத்துவர் சோமராஜுவுடன் நம் அப்துல் கலாம் உழைத்ததை மாணாக்கர் பலர் அறியார்.

ஆயினும் உடல் அவ்வுலோகத்தை எளிதில் ஏற்கவில்லை. குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்கள், புண்ணை ஆற்றுவதாக எண்ணியோ என்னவோ, அளவுமீறிப் பெருகி வலைக்குள் வளர்ந்தன. நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குச் சில திங்களிலேயே மீண்டும் அடைப்பு நேர்ந்தது.

இதற்கு மருந்து வந்த வழி வியப்புக்குரியது. 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்குச் சென்று, பிற ஆய்வுகளோடு மண்ணையும் திரட்டி வந்தது. மான்ட்ரியலில் இருந்த அயர்ஸ்ட் ஆய்வகத்தில், இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த சுரேந்திர நாத் சேகல் என்னும் அறிஞரும் துணைவரும் அம்மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியைக் கொண்டு அதற்கு ராப்பாமைசின் எனப் பெயரிட்டனர். பூஞ்சைக்கு மருந்தாகத் தேடப்பட்ட அது, உயிரணுப் பெருக்கத்தையே தடுப்பதாக விளங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஆய்வகம் மூடப்பட்டு, ஆய்வும் கைவிடப்பட்டது. சேகல் மனம் ஒப்பவில்லை. சிறிதளவு மருந்தை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். நிருவாகம் மாறியபின் மேலதிகாரிகளை இணங்க வைத்தார். 1999இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்தக் குளிர்பெட்டி இல்லையேல் பின்வரும் கதை இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில், ராப்பாமைசினைப் பலபடிப் பொருளொன்றில் கலந்து பூசிய ஸ்டென்ட்டை எடுவார்டோ சோசா முதன்முதலாகப் பொருத்தினார். மருந்தின் பெரும்பகுதி ஒரு திங்களுக்குள் கசிந்து, தசை பெருகும் காலத்திலேயே அதைத் தடுத்தது. 2002இல் வெளிவந்த 238 நோயாளரின் ஆய்வில், பூச்சில்லா ஸ்டென்ட் பெற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 27 பேருக்கு ஆறு திங்களில் மீண்டும் அடைப்பு. பூச்சுடையதைப் பெற்றோருள் ஒருவருக்கும் இல்லை. 2003 ஏப்ரலில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதனைக் காணச் சேகல் இல்லை. அவ்வாண்டு சனவரியில் புற்றுநோயால் மறைந்திருந்தார்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. வேண்டாத தசையைத் தடுத்த மருந்து, உலோகத்தை மூட வேண்டிய நல்ல உட்படலத்தின் வளர்ச்சியையும் தாமதப்படுத்தியது. மூடப்படாத உலோகத்தின்மீது, ஓராண்டு கழிந்தபின்னும் சிலருக்குக் குருதி உறைந்தது. 2006இல் இக்கவலை உலகெங்கும் எழுந்தது. கம்பிகளை மெலிதாக்கினர், பூச்சை மாற்றினர், பின்னர்க் கரைந்து மறையும் பூச்சுகளும் வந்தன. குருதி உறையாமைக்கான இரட்டை மாத்திரைகளைக் குறித்த காலம்வரை உட்கொள்வதும் இன்றியமையாததாயிற்று. ஜொகூரில் நம் பெரியவர் சிலர், "ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திவிடுவதைக் கேட்கையில் எனக்கு அச்சமே மிகுகிறது.

இன்று பெரிதும் பயன்படும் எவரோலிமஸ், ஸோட்டரோலிமஸ் ஆகிய பூச்சு மருந்துகளும் ராப்பாமைசினிலிருந்து கிளைத்தவையே. மண்ணைத் தந்த தீவினருக்கோ, முதல் மருந்தின் பெயரில் மட்டும் ஓர் இடம் கிடைத்தது.