மூச்சு ஊட்டிய கைகள்

மல்காஜ்கிரியில் வாழும் தமிழன்பர்கள் ஹைதராபாத் நிலோஃபர் மருத்துவமனையை நன்கு அறிவர். பணிப்பெண் ஒருத்தி பேறுகாலத்தில் மாண்ட துயரம் தாளாது, நிஜாமின் மருமகள் இளவரசி நிலோஃபர் முயன்றதன் பயனாக 1953இல் அது திறக்கப்பெற்றது.

அதற்கு முந்தைய ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோருள் பெரும்பாலோர் மடிந்தனர். ஆகஸ்டு 27ஆம் நாள், மருத்துவர் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். இயந்திரங்கள் போதாமையால், மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து அல்லும் பகலும் பையை அழுத்தினர். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்ஙனம் பிறந்ததே.

இன்று இயந்திரம் மூச்சு ஊட்டுகின்றது. ஆயினும் அருகே செவிலியர் விழித்திருத்தல் வேண்டும். கதவுக்கு வெளியே காத்திருக்கும் தாய்க்கு, மொழி வேறாயினும், அவ்விழிப்பே ஆறுதல்.