விவாகரத்தின் விகிதமும் விதமும்

ஆயிரம் ஜனங்களுக்கு இத்தனை விவாகரத்து என்று கணக்கெடுத்து, அந்த எண் ஏறினால் குடும்ப தர்மம் குலைந்தது என்றும், இறங்கினால் ஒழுக்கம் தழைத்தது என்றும் தீர்ப்புக் கூறிவிடுவது ஆராய்ச்சியாளர் பலரிடம் வேரூன்றிய வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விகிதம் 1981-இல் 5.3 என்னும் உச்சத்தை எட்டிப் பின்னர் படிப்படியாக இறங்கி, இன்று அதில் பாதிக்கும் குறைவாக நிற்கிறது என்பது மெய்யே. ஆயினும் விவாகம் செய்துகொள்வோரே அருகிவிட்ட நாட்டில் விவாகரத்து குறைவதில் வியப்பென்ன? ஜனத்தொகையில் முதலிடம் வகிக்கும் கலிபோர்னியாவோ அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. எத்தனை பேர் பிரிந்தனர் என்று கூறும் எண், எவ்விதம் பிரிந்தனர் என்பதைப் பற்றி மௌனமே சாதிக்கிறது.

குற்றம் நிரூபிக்காமலே விவாகத்தை ரத்துச் செய்யலாம் என்ற சட்டம் 1970-இல் அதே கலிபோர்னியாவில் அமலுக்கு வந்தபோது கலகம் ஒழிந்ததென்று பலர் நம்பினர். கலகம் ஒழியவில்லை, விபசாரத்தையும் கொடுமையையும் விட்டு, குழந்தைகள், வீடு, ஜீவனாம்சம் ஆகியவற்றின்மேல் தாவிற்று. இவ்விதப் போராட்டங்களில் சலித்த மினியாபொலிஸ் நகரத்து வக்கீலான ஸ்டூவர்ட் வெப், குடும்ப வழக்குக்காக இனி நீதிமன்றப் படியேறுவதில்லை என்று 1990-இல் தீர்மானித்ததிலிருந்து பிறந்ததே ஒத்துழைப்பு முறை. தம்பதியர் இருவரும் அவரவர் வக்கீல்களும் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். சொத்து விவரம் எதையும் மறைப்பதில்லை என்று உறுதி கூறுகின்றனர். கணக்கு நிபுணரும் மனநூல் வல்லுநரும் வேண்டுமளவு துணை நிற்கின்றனர். பேச்சு முறிந்து வழக்கு மூளுமானால், வக்கீல்கள் இருவரும் விலகியே தீரவேண்டும்.

இம்முறையின் உயிர்நாடி இந்த விலகல் நிபந்தனைதான். வழக்கு நீண்டால் லாபமடையும் வக்கீலைச் சமரசத்தில் லாபமடைபவராக மாற்றியது அதுவே. ஏனைய நல்லெண்ணப் பிரதிக்ஞைகள் யாவும் அதற்கு அலங்காரம் என்பேன். இது வக்கீல் தர்மத்துக்கு விரோதம் என்று 2007-இல் கொலராடோ வக்கீல் சங்கத்தின் நெறிக்குழு கருத்துரைத்தது. அதே ஆண்டிலேயே, கட்சிக்காரர் விஷயமறிந்து சம்மதித்தால் தோஷமில்லை என்று அமெரிக்க வக்கீல் சங்கத்தின் குழு விடையிறுத்தது.

எனக்கு உள்ள ஆட்சேபம் வேறு. நிபந்தனை இருவருக்கும் பொதுவாயினும் அதன் பாரம் பொதுவன்று. கையில் பொருளுள்ள கணவன் மறுநாளே புதிய வக்கீலை அமர்த்துவான். பல்லாண்டு இல்லத்தைப் பேணிச் சொந்த வருவாயின்றி நிற்கும் மனைவிக்கோ, 'பேச்சை முறித்துக்கொள்வேன்' என்ற ஒரு வார்த்தையே நிர்ப்பந்தமாகிவிடும். இம்முறைக்கென 2009-இல் வரையப்பட்ட பொது மாதிரிச் சட்டம், தம்பதியரிடையே வன்முறை உண்டா என்று வக்கீல் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும் என்கிறது. கட்டணமின்றி உதவி பெறும் ஏழைகளுக்கு விலகல் விதியில் சிறிது சலுகையும் தருகிறது. இலவச உதவிக்குரிய வறுமையும் இல்லாமல், தனக்கெனப் பணமும் இல்லாமல் இடைநடுவே நிற்பவளுக்கு அச்சலுகை எட்டாது. ஆகவே, ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே, முறிவு நேரின் புதிய வக்கீலை அமர்த்துவதற்கான தொகையைப் பொதுச் சொத்திலிருந்து இருவருக்கும் சமமாக ஒதுக்கிவைப்பதை விலகல் நிபந்தனையோடு பிரியாத விதியாக்க வேண்டும். அவ்விதியில்லாத ஒப்பந்தத்தில் பொருளற்ற கட்சிக்காரரைக் கையெழுத்திடச் சொல்லும் வக்கீல் தம் கடமையில் தவறியவரே ஆவார்.