ஆங்கிலோ-சாக்சன் வீரக் கவிதைகளில் பண்பாட்டு விழுமியங்கள்

ஆங்கிலோ-சாக்சன் வீரக் கவிதைகள் என்பவை, 1066ஆம் ஆண்டின் நார்மானியர் படையெடுப்புக்கு முன் இங்கிலாந்தில் பழைய ஆங்கிலத்தில் பாடப்பட்ட வீரர் கதைகளும் போர்ப்பாடல்களும் ஆகும். இவற்றுள் 'பேவுல்ஃப்', 'மால்டன் போர்' ஆகிய இரண்டும் முதன்மையானவை. தலைவனுக்கு உண்மையாக இருத்தல், கொடை, பழிவாங்கல், புகழ், ஊழ் ஆகியவை பற்றி அக்கால மக்கள் கொண்டிருந்த எண்ணங்களை இவை காட்டுகின்றன. அந்த எண்ணங்களுக்குக் கொடுக்க நேர்ந்த விலையையும் இவை மறைக்கவில்லை.

கிடைத்துள்ள பிரதிகள்

3182 அடிகள் கொண்ட 'பேவுல்ஃப்', கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே கையெழுத்துப் பிரதியில் கிடைத்துள்ளது. 1731இல் ஏற்பட்ட தீ விபத்தில் அதன் ஓரங்கள் கருகின. 'மால்டன் போர்' பிரதி அதே தீயில் முற்றிலும் அழிந்தது. அதற்கு முன்பே ஒருவர் படியெடுத்து வைத்திருந்ததால் 325 அடிகள் தப்பின. பாடலின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை.

தலைவனும் வீரர்களும்

இக்கவிதைகளில் வாழ்க்கையின் நடுவிடம் தலைவனின் மண்டபம். அங்கே தலைவன் பொன் வளையங்களையும் வாள்களையும் குதிரைகளையும் வாரி வழங்குவான். வீரர்கள் தேன்மது அருந்தி, போரில் அவனைக் கைவிடுவதில்லை என்று அனைவர் முன்னிலையிலும் சூளுரைப்பார்கள். செஞ்சோற்றுக்கடன் என்று நாம் சொல்வது இதற்கு நெருங்கிய கருத்து. தலைவன் வீழ்ந்த களத்திலிருந்து உயிருடன் திரும்புவது வாழ்நாள் முழுதும் இழுக்கு எனச் செருமானியர் கருதியதாக, கி.பி. 98 அளவில் உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டசும் எழுதியுள்ளார்.

பேவுல்ஃப் முதுமையில் நெருப்பு கக்கும் பறவை நாகத்தோடு போரிடும்போது, உடன் வந்த பதினொரு வீரர்களுள் பத்துப் பேர் காட்டுக்குள் ஓடிவிடுகின்றனர். விக்லாஃப் என்னும் இளைஞன் மட்டுமே துணை நிற்கிறான். ஓடியவர்களின் குடும்பங்கள் நில உரிமையை இழக்கும் என்று அவன் பின்னர் கடிந்துரைக்கிறான். ஒருவனின் கோழைத்தனத்துக்கு அவனுடைய சுற்றமே பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

மால்டன் போர்

991 ஆகஸ்டில் எசெக்ஸ் பகுதியில் உள்ள மால்டன் அருகே, வைக்கிங் படை கப்பம் கேட்டது. ஆங்கிலேயத் தலைவர் பிர்ட்னோத் மறுத்தார். எதிரிகள் இருந்த இடத்துக்கும் கரைக்கும் இடையே, கடல் வற்றும்போது மட்டும் தெரியும் ஒடுங்கிய பாதை இருந்தது. அதில் அவர்களைத் தடுத்து நிறுத்த முடிந்தும், கரையேறிப் போரிட அவர் இடம் கொடுத்தார். மிகுந்த செருக்கால் அவ்வாறு செய்தார் என்று கவிஞர் சொல்வதாகப் பல அறிஞர்கள் பொருள் கொள்கின்றனர்.

பிர்ட்னோத் வீழ்ந்ததும் கோட்ரிக் என்பவன் அவருடைய குதிரையிலேயே ஏறித் தப்பினான். தலைவரே ஓடுகிறார் என்று எண்ணிப் பலர் கலைந்தனர். எஞ்சியவர்கள், தோல்வி உறுதி என்று தெரிந்தும் நின்று போரிட்டனர். அவர்களுள் உயர்குடியினரோடு ஓர் எளிய உழவனும் இருந்தான். பிர்ட்னோத் மறுத்த கப்பம் அதே ஆண்டில் 10,000 பவுண்டாகச் செலுத்தப்பட்டது. தலைவரின் பிழையையும் வீரர்களின் உறுதியையும் கவிஞர் ஒரே பாடலில் வைத்திருக்கிறார்.

பழியும் ஈட்டுப்பணமும்

உறவினன் கொல்லப்பட்டால் பழிவாங்குவது கடமை. அதற்கு மாற்றாக, இறந்தவரின் தகுதிக்கு ஏற்ப ஈட்டுப்பணம் தரும் வழக்கமும் இருந்தது. பேவுல்ஃபின் தந்தை செய்த கொலைக்கு டேனிய மன்னர் ஹ்ரோத்கார் அவ்வாறு பணம் கொடுத்துப் பகை தீர்த்தார்.

எல்லாப் பகையும் அப்படித் தீரவில்லை. ஃபிரீசிய அரசன் ஃபின்னை மணந்த டேனிய இளவரசி ஹில்டெபர், இரு குலத்தாரும் மோதியபோது மகனையும் உடன்பிறந்தவனையும் ஒரே ஈமத்தீயில் இழந்தாள். பின்னர் கணவனும் கொல்லப்பட்டான். 'பேவுல்ஃபி'ல் இக்கதை விருந்தின் நடுவே பாடப்படுகிறது. அமைதிக்காக மணம் செய்து கொடுக்கப்பட்ட பெண்களின் நிலையை இது உணர்த்துகிறது.

ஊழும் சமயமும்

ஊழை யாரும் வெல்ல முடியாது. இறந்தபின் நிலைப்பது புகழ் ஒன்றே என்பது பழைய நம்பிக்கை. கி.பி. 597இல் உரோமிலிருந்து அகஸ்டின் கென்ட் வந்தபின் கிறித்தவம் பரவியது. கவிதைகளை ஏட்டில் எழுதியவர்கள் கிறித்தவ மரபினர். ஆகவே 'பேவுல்ஃபி'ல் ஊழும் இறைவனும் அருகருகே வருகின்றனர். கிரெண்டல் என்னும் அரக்கன் விவிலியத்தின் காயீன் வழியில் பிறந்தவனாகக் கூறப்படுகிறான். ஆயினும் இறுதிச் சடங்கு பழைய முறையில் சிதைமூட்டி நடக்கிறது.

கவிதையில் வரும் செல்வச் சிறப்பு வெறும் கற்பனை அன்று. 1939இல் சஃபோக் பகுதியின் சட்டன் ஹூவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 7ஆம் நூற்றாண்டுக் கப்பல் புதையிடத்தில் தலைக்கவசமும் பொன் அணிகளும் கிடைத்தன. எனினும் இக்கவிதைகள் அன்றாட வாழ்வின் பதிவுகள் அல்ல. மனிதர் எப்படி இருக்க வேண்டும் என அச்சமூகம் விரும்பியதையே இவை முதன்மையாகக் கூறுகின்றன. தப்பி ஓடிய பத்துப் பேரையும் கோட்ரிக்கையும் பாடியதால், அந்த விருப்பம் எளிதில் நிறைவேறவில்லை என்பதையும் இவற்றிலிருந்தே அறிகிறோம்.