யாழும் அதன் சீனத்து உறவும்

நம்மூர் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் துரை தோண்டியபோது, ரோமாபுரிச் சாடிகளின் ஓடுகளோடு பிற்காலச் சோழர் காசும் சீனத்துப் பீங்கான் ஓடும் கிடைத்தன. ஓடு மண்ணுக்குள் கிடந்து பிழைத்துவிடும். நாதத்துக்கு அந்த வசதி இல்லை. இதற்கு நம் யாழே சாட்சி.

பள்ளியில் பிரெஞ்சுப் பாடத்தில் ‘ஆர்ப்’ என்று படித்தவன் நான். யாழும் அந்த இனம்தான் என்று பின்னால்தான் தெரிந்தது. சீனாவில் இந்த இனத்துக்குக் ‘கொங்ஹௌ’ என்று பெயர். அதில் வில் போல் வளைந்து, நுனியில் பறவைத் தலை வைத்த வகை ஒன்று உண்டு. சூய் வம்சத்து அரண்மனையில் இந்திய இசைக்குழு வாசித்த வாத்தியங்களில் அதுவும் ஒன்று என்று சீனரே எழுதி வைத்திருக்கிறார்கள். கி.பி. 802 வாக்கில் பர்மாவின் பியூ அரசன் சீனப் பேரரசனுக்கு அனுப்பிய கலைஞர்களும் அதைக் கொண்டு போனார்கள். அதற்கு 14 நரம்பு. நம் சகோட யாழுக்கும் 14 நரம்புதான். எண் பொருந்துவதால் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே குடும்பம்.

சீனாவில் அந்தப் பழைய கருவி வழக்கொழிந்தது. இன்று அங்கே வாசிப்பது 20-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது. இங்கும் வீணை வந்து யாழ் போயிற்று. பொருநராற்றுப்படை பத்தர், போர்வைத்தோல், கோடு, திவவு, நரம்பு என்று உறுப்பு உறுப்பாகச் சொல்கிறது. மட்டக்களப்புப் பக்கம் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இலக்கணம் கிடைத்தது, அதை வாசித்துப் பழகிய விரல்கள்தான் இல்லை.

அந்த விரல்கள் பர்மாவில் இருக்கின்றன. அங்குள்ள ‘சாங்’ என்ற வில்யாழில், மரப்பத்தரின் மேல் மான்தோல் போர்த்தியிருக்கும். நரம்புகளை வளைந்த கோட்டில் சிவப்புக் கயிற்றால் முடிந்திருப்பார்கள். அந்த முடிச்சை நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பது. நம் நூல்கள் சொல்லும் திவவு அதுவே. தரையில் அமர்ந்து மடியில் வைத்து, வலக்கை விரல்களால் மீட்டுவார்கள். இடக்கைக் கட்டைவிரல் நகத்தால் நரம்பை அழுத்தினால் சுரம் சற்று ஏறும்.

அங்கே அது பிழைத்ததற்குக் காரணம், குருவின் எதிரே சீடன் உட்கார்ந்து கற்கும் வழக்கம் அறுபடாததுதான். நம் பிள்ளைகள் யாராவது நாதஸ்வரமோ தவிலோ கற்க வேண்டும் என்று கேட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள். ஒரு தலைமுறை கை விட்டால் போதும், பிறகு மிஞ்சுவது உறுப்புகளின் பெயர்ப்பட்டியல்தான்.