ஓரிரு இடங்களில்

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தோன்றின. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது. இவற்றின் செய்தியறிக்கைகளுக்கு வாலாக ஒட்டிவந்த இரண்டு மூன்று வாக்கியங்களை உரைநடையாகக் கருதி நாம் வாசித்ததில்லை. ஆனால் நாவல் பக்கம் தலைவைத்தும் படுக்காத கோடிப் பேர் நாள்தோறும் கேட்ட தமிழ் அதுவே.

1861இல் இங்கிலாந்தில் ஃபிட்ஸ்ராய் தம் வானிலைக் குறிப்புகளுக்குப் பெயர் தேடியபோது, ஆரூடம் என்னும் பொருள் தொனிக்கும் சொற்களை விலக்கி ‘ஃபோர்காஸ்ட்’ என்பதைத் தேர்ந்தார். அவருடைய எச்சரிக்கை பெயர்ச்சொல்லில் இருந்தது; தமிழிலோ அது வினைமுற்றில் குடியேறியது. ‘மழை பெய்யும்’ என்று அறிக்கை சொல்வதில்லை, ‘பெய்யக்கூடும்’ என்றே சொல்லும். ஒரு துணைவினை இத்தனை ஆண்டுகள் இத்தனை பாரத்தைச் சுமந்ததற்கு வேறு சான்று நமக்குத் தெரியவில்லை. பின்னர் வந்த ‘வாய்ப்புள்ளது’ நம் காதுக்கு உவப்பானதன்று. புயல் தாக்குவதும் ஒரு வாய்ப்பா!

‘ஓரிரு இடங்களில்’ என்னும் தொடர் கேலிக்கு ஆளான அளவுக்குப் புரிந்துகொள்ளப்படவில்லை. அத்தொடர் மழுப்பலன்று, அளவை. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு’. 26 முதல் 50 வரை ‘சில’. 75ஐத் தாண்டினால் ‘பெரும்பாலான’. ஆனால் இந்தக் கணக்கைக் கேட்பவருக்கு எவரும் சொன்னதில்லை. ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரை எண்ணிப் பாருங்கள். பீஞ்சமந்தைப் பக்கம் மலையில் கொட்டுவது உத்திரகாவேரியில் இறங்கி வரும். ஊருக்குள் ஒரு துளியும் விழாதிருக்கலாம். அந்த ‘ஓரிரு’ இடம் தம் தலைக்கு மேலே உள்ள மலைதானா என்பதே ஆற்றோரத்தில் வேர்க்கடலை போட்டவரின் கேள்வி. அறிக்கையோ நெடுங்காலம் ‘உள் மாவட்டங்கள்’ என்று வடாற்காட்டையும் கோவையையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டது. இப்போது மாவட்டப் பெயர் வருகிறது. மலையின் பெயர் அரிதாகவே வருகிறது. அம்மலையோ திருவண்ணாமலை, வேலூர், 2019இல் பிறந்த திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது.

அடைமொழிகளின் கதை இன்னும் கவலைக்குரியது. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.56 முதல் மிகக் கனமழை, 20.44ஐத் தாண்டினால் அதிகனமழை. ‘மிக’வுக்கும் ‘அதி’க்கும் இடையில் ஏறுவரிசை உண்டெனச் சாதாரணச் செவி எப்படி அறியும்? ஒன்று தமிழ், மற்றது வடமொழி. பொருள் ஏறத்தாழ ஒன்றே. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. 21 செ.மீ. பெய்திருந்தாலும் அதற்கு இதே சொல்தான். அந்நாள்களில் வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் மக்கள் சொற்களை விட்டுவிட்டு அவர் குரலைக் கவனித்தார்கள் என்றே நமக்குப் படுகிறது.

‘குறைந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை’ என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைந்ததும் தாழ்ந்ததும் ஒன்றுதானே? இலங்கை வளிமண்டலவியல் திணைக்களமும் அங்குள்ள வானொலியும் இதையே ‘தாழமுக்கம்’ என்று ஒரு சொல்லில் முடிக்கின்றன. நாம் புயல் என்பதை அவர்கள் சூறாவளி என்பார்கள். நம்முடைய ‘குறைந்த’ அண்மைக் காலத்தில் பல அறிக்கைகளில் உதிர்ந்துவிட்டது. செய்தி வாசிப்பவர்கள் சிலர் மட்டும் பழக்கத்தில் இன்னும் சேர்த்துக்கொள்கிறார்கள்.