பூட்டிய கடிகாரம்

2005ஆம் ஆண்டு. தெமட்டகொடையில் நான் குடியிருந்த மாடிவீட்டிலே, பக்கத்து வீட்டு இளைஞன் என் கணினியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் தாய்ப்பலகையைத் துருவிக்கொண்டிருந்தான். ரயில் கொட்டகைப் பக்கமிருந்து எஞ்சின்களின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்கிள், இதுல பூட்டுப் போட்டிருக்காங்க" என்றான்.

அது பெயர்பெற்ற கம்பனியொன்று முழுதாகப் பொருத்தி விற்ற, நான் பழையதாக வாங்கிய பென்டியம் 4. வேகம் 1.8 கிகாஹேர்ட்ஸ். யூனிட்டி பிளாசாவில் உதிரிகளை வாங்கித் தாமே பொருத்திக்கொண்டவர்களின் பெட்டிகளில், பயொஸ் திரைக்குள் நுழைந்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஓவர்குளொக்கிங் என்பது அதுதான். என்னுடையதிலோ திகதியையும் கடவுச்சொல்லையும் மாற்றலாம். வேகம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பூட்டுக்கு வயது அதிகம். 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கணினி 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதன் கடிகாரத் துடிப்பைத் தருவது 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்குத் துண்டு ஒன்று; கையால் பிடுங்கக்கூடியதாய்ச் செருகியிருந்தார்கள். கெட்டிக்காரர்கள் அதை எடுத்துவிட்டு 16 மெகாஹேர்ட்ஸ் துண்டைச் செருகினார்கள். இயந்திரம் 8இல் ஓடியது. ஐ.பி.எம். சும்மா இருக்கவில்லை, 1985இன் பயொஸில் வேகத்தை அளந்து பார்த்து, கூடுதலாயிருந்தால் இயங்க மறுக்கும் சோதனையொன்றைச் சேர்த்தது. மறுவருடம் அதே நிறுவனமே 8 மெகாஹேர்ட்ஸ் ஏ.டி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது! பூட்டு யாருடைய நன்மைக்கு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்டெல் நிறுவனம் பெருக்கெண்ணைப் பூட்டியதற்கு வேறொரு நியாயமும் இருந்தது. குறைந்த வேகச் சில்லுகளின் மேல் கூடிய வேகத்தை அச்சிட்டு விற்கும் மோசடி அன்று உலகெங்கும் நடந்தது. ஆயினும் தாய்ப்பலகையின் பாட்டை வேகத்தைக் கூட்டும் வழி திறந்தே கிடந்தது. 1998 ஓகஸ்டில் வந்த செலரோன் 300ஏ சில்லின் விலை 149 டொலர். பாட்டையை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால் அது 450இல் ஓடும். அதே மாதம் 669 டொலருக்கு வந்த பென்டியம் 2இன் வேகம்! 2000இல் ஏ.எம்.டி.யின் அத்லோன் சில்லில், அறுந்த நுண்ணிய இணைப்புகளைப் பென்சிற்கரியால் தீட்டிப் பூட்டைத் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பென்சிலுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. 2011 ஜனவரிக்குப் பிறகு இன்டெல், 'கே' என்ற எழுத்துப் பொறித்த சில்லுகளுக்கே பெரும்பாலும் திறப்பை விலைக்குக் கொடுத்தது. அதற்கும் ஏற்ற தாய்ப்பலகை வேண்டும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பலகையிலிருந்த கடிகாரச் சில்லின் இலக்கத்தை வாசித்தறிந்த இளைஞன், விண்டோஸிலிருந்தே அதனுடன் பேசும் மென்பொருளொன்றைக் கொண்டுவந்தான். பாட்டை 100இலிருந்து 110 ஆயிற்று. நன்றாகவே ஓடியது. ஆசை யாரை விட்டது? "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னவன் நான்தான். 115. திரை உறைந்தது.

சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பலகையில் பாட்டை வேகம் கூடும்போது பி.சி.ஐ. இணைப்பின் வேகமும் 33இலிருந்து 38 மெகாஹேர்ட்ஸாகக் கூடவே ஏறும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுவது பிசகும். அடுத்தநாள்தான் இதை அறிந்தோம்.

அதிலே, ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுக்கோப்பாளர்கள் நால்வருடன் நான் நடத்திய உரையாடல்கள், பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, இருந்தன. மூவருடையவை தாளில் அச்செடுத்து வைத்திருந்தபடியால் தப்பின. மீண்டும் தட்டச்சிட இரண்டு மாதம் பிடித்தது. நான்காமவர் 2003இல் காலமாகிவிட்டார். அவருடைய கோப்பு திறக்கவேயில்லை. தட்டச்சிட்டாயிற்றே என்று, அவருடன் பேசும்போது குறிப்பெடுத்த கொப்பியைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தேன்.