சாயவேரும் ஒரு கடிதமும்

வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பணிகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பத் தொடங்கிய பின்னர், 'அறிவுப் பரிமாற்றம்' என்றொரு தொடர் நம்மிடையே புழங்கலாயிற்று. அங்கே ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்து பழகியதை இங்குள்ளவர் சில வாரங்களில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியது ஒன்று, செய்யும்போது நேர்வது வேறொன்று என்று அத்துறைக்குச் சென்ற பழைய மாணவர்கள் சொல்வதுண்டு. இச்சிக்கல் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே சோழமண்டலக் கரையில் அது எதிர்த்திசையில் நிகழ்ந்தது.

அன்று விற்பனை ஐரோப்பாவில், உற்பத்தி இங்கே. எத்தகைய பூ வேண்டும், பின்னணி என்ன நிறம் என்பனவெல்லாம் மாதிரிகளாகக் கப்பலில் வந்தன. சிவப்புப் பின்னணியைக் குறைத்து வெள்ளையைக் கூட்டுமாறு 1643-லேயே லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதியிருக்கின்றனர். இக்கரையில் அத்தகைய கட்டளை துபாஷியையும் வணிகரையும் கடந்துதான் துணியில் எழுதுபவரை அடையும். கப்பல் வரவே ஆறு மாதம். ஓர் ஐயத்துக்கு விடை பெற ஓராண்டு போதாது. ஆயினும் வடிவத்தைக் காகிதத்தில் அனுப்ப முடிந்தது. துவைத்தாலும் மங்காத சிவப்பு அவ்வாறு பயணப்படவில்லை.

அதை எழுத்தில் பிடிக்க முயன்றவர் இருவர். 1734 வாக்கில் போல்யூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, வேதியியலாளர் துஃபேயின் வேண்டுகோளின்படி புதுச்சேரியில் இத்தொழிலை நேரில் கண்டு எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். 1742-இல் கேர்து என்னும் சேசு சபைப் பாதிரியார், தம் பொறுப்பிலிருந்த கிறித்தவத் தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றை நீண்ட கடிதமாக்கி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் சுட்டிய அதே கேர்துதான். நம் துறையினர் அவரை அதற்காக மட்டுமே அறிவர்.

கடுக்காய்த் தூளையும் எருமைப்பாலையும் கலந்து துணியை நனைக்க வேண்டும். காய்ந்ததும் கட்டையால் அடித்து வழவழப்பாக்க வேண்டும். ஊசியால் துளையிட்ட காகிதத்தின்மேல் கரித்தூளைத் தட்டினால் கோலம் துணியில் இறங்கும். கறுப்புக்கு இரும்புக் கரைசல், சிவப்புக்குப் படிகாரக் கரைசல். பாலின் கொழுப்பு இருப்பதால் கரைசல் கோட்டைத் தாண்டிப் பரவாது. பின்னர்ச் சாயவேரிட்ட நீரில் துணியைக் கொதிக்கவைக்கின்றனர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்துச் சாயம் அலசலிலும் வெயிலிலும் போய்விடும். நீலத்துக்கு, நிறம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்க்க வேண்டும்.

கடுக்காயும் சாயவேரும் அவர் கடிதத்தில் பிரெஞ்சு எழுத்துகளில் தமிழ்ச் சொற்களாகவே நிற்கின்றன. மொழிபெயர்க்கச் சொல் கிட்டவில்லை போலும். படிகாரக் கரைசலுக்குச் சற்றே துவர்க்கும் நீர் வேண்டும் என்கிறார். எவ்வளவு துவர்ப்பு? அது சொன்னவரின் நாவில் இருந்தது. தமிழில் 'பதம்' என்றால் சொல்லும் ஆகும், பக்குவமும் ஆகும். கேர்துவுக்கு முதற்பொருள் கிடைத்தது. 1747-இல் திருத்தமும் விளக்கமுமாக இன்னொரு கடிதம் எழுத நேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதற்கடிதம் எழுதப்பட்டபோது பிரான்சில் இத்தகைய துணிக்குத் தடை; 1686-இல் விதித்தது, 1759-இல்தான் நீங்கியது. மறு ஆண்டே ஒபெர்காம்ப் ஜூயியில் தம் அச்சுத் தொழிலைத் தொடங்கினார். இதற்குக் கேர்துவின் கடிதமே காரணம் எனச் சிலர் கருதுவது மிகை. 1672-லேயே மார்செய் நகரத்தார் அர்மீனியக் கைவினைஞரை அழைத்து வைத்திருந்தனர். காகிதத்தைவிட ஆட்கள் மூலமே கலை மிகுதியாகப் பெயர்ந்தது. ஐரோப்பியர் சாயவேருக்கு ஈடாகத் தம் நாட்டு மஞ்சிட்டி இனத்து வேரைப் பயன்படுத்தினர், கையால் எழுதுவதற்கு ஈடாக அச்சுக்கட்டையை. அவர்கள் கற்றதைவிட மாற்றிக்கொண்டது அதிகம்.

கேர்துவைத் தொழில் ஒற்றர் என்பாரும் உளர். எனக்கு அச்சொல் பொருத்தமாகப் படவில்லை. அவர் ஒளிந்து பார்த்தவரல்லர், கேட்டவர். ஆனால் கேட்டவர் பாதிரியார், சொன்னவர் அவர் பொறுப்பில் வாழ்ந்தவர். மறுக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

போல்யூவின் துணித் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் அவருடைய கையெழுத்துப்படியோடு பாதுகாக்கப்பட்டுள்ளன. எழுதியவர் பெயர் தெரியும், எழுதச் சொன்னவர் பெயரும் தெரியும். துணியில் எழுதியவர் பெயர் இல்லை.